பேனாவால் அடித்த வரி

"லாரிக்கு முழுசா வந்துடும், முதலாளி. சரக்குக்கும் வந்துடும்," என்றார் இன்சூரன்ஸ் அதிகாரி, பாலிசியைப் புரட்டியபடி.

"செத்துப்போன டிரைவருக்கு?" என்றார் லாரி முதலாளி.

அதிகாரி நிமிர்ந்தார். "அந்த வரியைத்தான் நீங்களே பேனாவால அடிச்சீங்களே. 'இன்னிக்கு ஒருத்தன், நாளைக்கு ஒருத்தன், டிரைவருக்கெல்லாம் எதுக்குய்யா'ன்னீங்க. நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

"இப்போ சேர்க்க முடியாதா?"

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா? விடுங்க, அவன் பொண்டாட்டி வந்தா நானே பேசி அனுப்பிடறேன்."

"வெளியே பெஞ்சுலதான் இருக்கா." முதலாளி கதவைத் திறந்தார். "அன்னிக்கு டிரைவர் வரலை. என் பையன்தான் ஓட்டினான்."

மருமகள் எழுந்தாள். அவள் இடுப்பிலிருந்த குழந்தை தாத்தாவைப் பார்த்துக் கையை நீட்டியது.