இந்தத் தடவை எத்தனை மாசம்?

தீவுக்குச் சுதந்திரம் கேட்டுப் பேசும் கராயைக் கைது செய்ய, எப்போதும் அவருடைய பங்காளி சார்ஜென்ட் தாபியைத்தான் அனுப்புவார்கள். அன்றும் தாபி படகில் வந்து இறங்கினார்.

“வாங்க கொழுந்தனாரே,” என்றாள் கராயின் மனைவி லெய்மாஸ். “உங்க அண்ணன் கிழங்கு தோண்டுறார். இலையில சுட்ட லாப்லாப் இருக்கு, சாப்பிட்டுட்டு அப்புறமா பிடிச்சுட்டுப் போங்க. ஊர்ல வேற திருடனே கிடைக்கலையா?”

தாபி தலை நிமிராமல் சாப்பிட்டார்.

“இந்தத் தடவை எத்தனை மாசம்?”

“நாலு வருஷம், அண்ணி.”

“நாலு வருஷமா? அப்படி என்ன பேசிட்டார்?”

“ரேடியோ கேக்கலையா? ஓட்டு எண்ணியாச்சு. உங்க கட்சிதான் ஜெயிச்சிருக்கு. நாலு வருஷத்துக்கு அண்ணன்தான் பிரதமர். பதவியேற்கக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க.”

அதற்குள் கராய் வந்துவிட்டார். தாபியைக் கண்டதும் வழக்கம்போல இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். தாபி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

கராய் விழித்தார்.

“ஒரே மண்ணு. முதல்ல போய்க் கையைக் கழுவுங்க, பிரதமரே,” என்றாள் லெய்மாஸ்.