பாய்மரம் ஒட்டாத குட்டிக் கப்பல்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. தணிகாசலம் செய்துவந்த சாண் நீளக் கப்பலுக்குப் பாய்மரம் ஒட்டுவது மட்டும்தான் பாக்கி.

“அண்ணே, எப்போது ஒட்டுவார்?” என்று கேட்டது கப்பல்.

“கோடையில் ஃபேன் போட்டால் பாய் பறக்கிறதாம், நிறுத்தினால் வியர்க்கிறதாம். மார்கழியில் விரல் விறைக்கிறதாம். மழைக்காலத்தில் நான் காய மாட்டேனாம்” என்றது பசைக் குப்பி.

“அப்போ நான் தண்ணீரையே பார்க்காமல் கிடக்க வேண்டியதுதானா?”

“மூன்று வருஷமாக இதே கதைதான், தம்பி.”

அந்த ஐப்பசியில் வெள்ளம் மேசைவரை ஏறியது. கப்பல் மிதந்து ஜன்னலைத் தாண்டியது.

“டேய், பாய்மரம் இல்லாமல் எங்கேடா போகிறாய்?”

“அவருக்கு நல்ல பருவம் வரும்போது வரட்டும், அண்ணே. எனக்கு வந்துவிட்டது!”

இப்போது அது இலங்கைக்குப் புளி ஏற்றிப் போகிறது. நான் சொன்னதாக மட்டும் வெளியே சொல்லிவிடாதீர்கள். கப்பலை எடுத்தது நான்தான் என்று தணிகாசலம் ஏற்கெனவே சந்தேகப்படுகிறார்.