சூரத்துக்குப் போன கூச்சல்

எஸ்தருக்கு அந்தக் கால்பந்து கிளப்பின் பேரைக் கேட்டாலே வயிறு எரியும். வியாசர்பாடியை அம்போவென விட்டுவிட்டுச் சூரத்துக்குப் போனவர்கள், கேலரியில் பதிவான ரசிகர்களின் கூச்சலையும் தங்கள் சொத்தென்று எடுத்துப் போய்விட்டார்கள். அங்கே காலி நாற்காலிகளுக்கு மேலே ஸ்பீக்கர்கள் கத்தின. செத்துப்போன அவள் புருஷன் சூசைராஜின் குரல் அதில் தனியாகத் தெரியும்.

இன்று டிவியில், சூரத்தில் அந்தக் கிளப்பின் பெண்கள் அணியோடு மோதியது வியாசர்பாடியின் புதுப் பெண்கள் அணி. பெனால்டி அடிக்க வந்தவள் எஸ்தரின் மகள் ரெபேக்கா.

அடிப்பது எதிரணி என்றதும் ஸ்பீக்கர் தானாகத் திட்டியது. "உன் காலு ஒடிய, கஸ்மாலம்."

அப்பாவின் குரல் கேட்டு ரெபேக்கா தடுமாறினாள். பந்து கம்பத்துக்கு வெளியே போனது.

"வாய மூடுய்யா, அடிச்சது உன் பொண்ணு," என்று டிவியைப் பார்த்துக் கத்தினாள் எஸ்தர்.

எதிரணி தவறவிட்டதைக் கொண்டாடி, நாக்கை மடித்துச் சூசைராஜ் மட்டுமே அடிக்கும் விசில், ஸ்பீக்கரில் சந்தோஷமாக, நீளமாகக் கேட்டது.