பத்தாவது ஆள்

ஆகஸ்ட் விடுமுறைக்கு நானும் என் மனைவி மரீஸும் பிரான்சின் லிமூசன் பகுதிக்குப் போவோம். மழை பிடித்தால் அருங்காட்சியகம்தான். அங்கே 1944இல், ஜெர்மன் படை ஊரைவிட்டுப் போனதும் எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. ஜெர்மன் சிப்பாயோடு பழகினாள் என்று ஒருத்தியைச் சந்தையில் உட்காரவைத்து மொட்டையடிக்கிறார்கள். சுற்றி நின்று ஒன்பது பேர் சிரிக்கிறார்கள். கத்தரிக்கோல் பிடித்திருப்பவர் என் அப்பா.

"கத்தரிக்கோல் பிடிச்சவன் பேர் தெரியாதுன்னு போட்டிருக்கே. யாரு இந்தப் படுபாவி?" வருடாவருடம் மரீஸ் கேட்பாள்.

"யாரோ."

இந்த வருடமும் அதையே சொன்னேன்.

"போன வருஷம் ஒன்பது பேர்தானே சிரிச்சாங்க?" என்றாள்.

எண்ணினேன். பத்து. அப்பாவுக்குப் பின்னால் கட்டம்போட்ட சட்டைக்காரன் ஒருவன். மேல் பொத்தான் மட்டும் கறுப்பு.

அந்தப் பொத்தானை மரீஸ் காலையில்தான் என் சட்டையில் தைத்திருந்தாள். நான் அதைக் கையால் மறைத்துக்கொண்டேன். படத்தில் இருந்தவன் மறைக்கவில்லை.