மூன்று கட்சிக்கும் ஒரே கப்பல்

பேராசிரியர் பன்னீர்செல்வத்துக்குத் தலை சுற்றியது.

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் குடியேறிய வங்காள அகதிகளின் தேவைகளை ஆராய, வேண்டுமென்றே மூன்று கட்சி ஆட்களைத் தனித்தனியாக அனுப்பியிருந்தார். காங்கிரஸ், கம்யூனிஸ்ட், கழகம் மூன்றும் ஒரே பதிலோடு திரும்பின: ‘நிலம் அப்புறம், முதலில் மெட்ராஸ் கப்பல் வாராவாரம் வரணும்.’

“எப்படிய்யா ஒத்துப்போனீங்க?”

“ஜனங்க சொன்னதைத்தான் எழுதினோம், சார்.”

மூவருக்கும் மொழிபெயர்த்த, அத்தீவின் மளிகைக்கடைக்காரர் நூருல்லாவை அழைத்தார்.

“பாய், வங்காளிகளுக்கு எதுக்கு மெட்ராஸ் கப்பல்?”

“யாருக்குத் தெரியும் சார்? அவங்க பேசினது பெங்காலி. தமிழை விட்டா எனக்கு இந்திதான் வரும்.”

“அப்போ கப்பல்னு சொன்னது?”

“‘என்ன வேணும்’னு மூணு பேரும் என் முகத்தைப் பார்த்துத்தானே கேட்டாங்க? என் கடையில மெட்ராஸ் சரக்கு தீர்ந்து ஒரு மாசமாச்சு, சார்!”