கையைப் பார்த்து ஊதுங்க

"டத்தோ பட்டம் வாங்கின என் மச்சானுக்கு ரொம்ப நாள் ஆசை மேடம். நாளைக்கு விழாவுல உங்களுக்குப் பதிலா அவர் குச்சியப் பிடிச்சு பேண்டை நடத்தட்டும். நல்லா வந்தா அடுத்த செமஸ்டர்லேருந்து பேண்டு அவருக்குத்தான்" என்றார் டீன் சுகுமாரன்.

கெர்ட்ரூட்டுக்கு உச்சி கொதித்தது. ஈப்போவில் அந்தப் பல்கலைக்கழக பேண்டை மூன்று வருஷமாகக் கத்திக் கத்தி உருவாக்கியவள் அவள். டத்தோவோ, கோயிலில் பஜனைக்குக் கைதட்டினாலே தாளம் தப்புகிறவர்.

நேராக ஒத்திகை அறைக்குப் போனாள்.

"எல்லாரும் கேளுங்க! நாளைக்கு டத்தோ கையைப் பார்த்து ஊதுங்க. அவர் ஓடினா ஓடுங்க, நின்னா நில்லுங்க. யாராவது அவரைக் காப்பாத்தினீங்க, தொலைச்சிடுவேன்!"

"சரி மேடம்" என்றார்கள் மாணவர்கள்.

மறுநாள் மேடையில் டத்தோ கொசு விரட்டுவதுபோல் குச்சியை வீசினார். நடுவில் சபைக்கு ஒரு கும்பிடு வேறு. பேண்டோ ஒரு சுரம் பிசகவில்லை. மண்டபமே எழுந்து கைதட்டியது.

"கையிலேயே இசை இருக்குலா அவருக்கு! நீங்க இனிமே ஓய்வெடுங்க மேடம்" என்றார் டீன்.

கெர்ட்ரூட் மேடைக்குப் பின்னால் பாய்ந்து, முதல் கிளாரினெட் ஊதும் ஷர்மினியைப் பிடித்தாள்.

"துரோகிங்களா! அவர் கையைப் பார்த்து ஊதச் சொன்னேனா இல்லையா?"

"பழக்கமில்ல மேடம்" என்று அழுதாள் ஷர்மினி. "உங்க கையையே நாங்க பார்த்ததில்லலா. நிமிர்ந்தா உங்க மூஞ்சியைப் பார்க்கணுமே, பயம்! மூணு வருஷமா தனேஸ்வரன் அண்ணன் டிரம்மைக் கேட்டுத்தான் ஊதறோம்."