மாசக் கணக்கு

“தை, மாசி, பங்குனி, சித்திரை…”

சுந்தராம்பாள் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி எண்ணினாள். மாதர் சங்கத்துச் சந்தாவைத்தான் கணக்குப் பார்க்கிறாள் என்று வாசலில் நின்ற இளையபெருமாள் நினைத்தான். ஆடிக்கு வந்ததும் அவள் நிறுத்தி, ஏழு விரல்களையும் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினாள்.

“தையில கல்யாணம், ஆடியில கொழந்த. கேட்டா கொறைமாசமாம்! புள்ள ஒன்னும் முந்தலடி. தாலிதான் பிந்திடுச்சு.”

கூடத்தில் இருந்த பத்துப் பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மணிலாக்கொட்டை மண்டிக்காரர் சம்சாரமான சங்கத் தலைவி சிரிக்கும்போது சிரிக்காமல் இருக்கச் செஞ்சியில் யாருக்கும் தைரியம் கிடையாது. போன வருஷம் ஜவான்களுக்குக் கம்பளிச் சட்டை பின்னி அனுப்பி, பேப்பரில் பேர் வந்த சங்கம் அது.

இளையபெருமாளுக்குக் காது மடல் சுட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவன்; வயது இருபத்திரண்டு. அவன் மனைவி வசந்தாவும் பிறந்து ஒன்பது நாளான பெண் குழந்தையும் திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

பல்பு எரியும் கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தையை வைத்து, மூக்கில் விட்ட குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாய்ப் பால் இறக்கினார்கள். வசந்தாவின் தோடு போயிற்று, அவனுடைய சைக்கிளும் போயிற்று. சனிக்கிழமைக்குள் பணம் வராவிட்டால் பெட்டி அடுத்த குழந்தைக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

“அம்மா, டாக்டரம்மா சீட்டு எழுதிக் குடுத்திருக்காங்க. மூணு பவுண்டு கூட இல்லம்மா. என் உள்ளங்கையில அடங்கிடும்…”

“சீட்டா? நாலணா குடுத்தா எங்க மண்டிக் கணக்கப்பிள்ளையும் எழுதுவான்.” அதைக் கையால் தொடவும் இல்லை அவள். “சங்கத்துப் பணம் கவுரவமான குடும்பத்துக்குடா. அவசரப்பட்டவங்களுக்கு இல்ல.”

“சத்தியமா அப்படி எதுவும் இல்லம்மா.”

“நீ சத்தியம் பண்ணா மாசம் கூடிடுமா?”

மறுபடியும் சிரிப்பு. சுந்தராம்பாளுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“எனக்குந்தான் மூத்தவன் ஏழு மாசத்துல பொறந்தான். நான் எந்தக் கண்ணாடிப் பெட்டியத் தேடினு ஓடினேன்? வீட்லயே பெத்தேன். நாப்பதாம் நாளு கோயிலுக்குத் தூக்கினு போனா, பாத்தவங்கல்லாம் ஆறு மாசக் கொழந்தையான்னு கேட்டாங்க! ஒடம்புல நல்ல ரத்தம் ஓடணும்டா.”

“அது சரிதானேக்கா” என்றாள் சங்கத்தின் பொருளாளர் தனகோட்டி. மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

வாசற்படியோரம் நின்ற மாரியம்மாள் அதுவரை வெற்றிலையை மென்றுகொண்டு சும்மாதான் இருந்தாள். முப்பது வருஷமாகச் செஞ்சியிலும் சிங்கவரத்திலும் பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி. வசந்தாவின் குழந்தையைக் கையில் வாங்கி, பஞ்சில் பொதிந்து, முதல் பஸ்ஸில் திண்டிவனத்துக்கு விரட்டியவள் அவள்தான். சாட்சி சொல்வாள் என்றுதான் இளையபெருமாள் அவளைக் கூட்டிவந்திருந்தான்.

அவன் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். “வா அத்தே, போலாம். இவங்க காசுல என் கொழந்த பொழைக்க வேணாம்.”

“இருடா.”

மாரியம்மாள் வெற்றிலையைத் துப்பினாள். யாரையும் கேட்காமல் கூடத்துக்குள் ஏறிப் போய், சுந்தராம்பாளின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். ஒரு வாக்கியம்தான் இருக்கும்.

சுந்தராம்பாளின் முகத்திலிருந்த சிரிப்பு, இறங்க வழி தெரியாமல் அங்கேயே நின்றது.

“அதுக்கின்னா மாரியம்மா… நான் சும்மா தமாஷுக்குத்தானே…” நெற்றி வியர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். “தனகோட்டி! சங்கத்துல இருக்கறத மொத்தமும் எடுத்துக் குடுடி. பத்தலைன்னா மீதிய நான் போடறேன்.”

தனகோட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. “இப்பத்தானேக்கா, தாலி பிந்திடுச்சுன்னு…”

“வாய மூடுடி! ஒரு பச்சமண்ணு உசுருக்குப் போராடுது, உனக்கு மாசக் கணக்கு கேக்குதா?”

உடனே பத்து வாயும் ‘உச்’ கொட்டின. சிரித்த அதே பத்து வாய். தனகோட்டி நீட்டிய பணத்தை இளையபெருமாள் வாங்கிக்கொண்டான். கும்பிட மட்டும் கை எழவில்லை.

பெட்டி பறிபோகவில்லை. ஐப்பசி பிறந்தபோது குழந்தை ஆறு பவுண்டு எடையோடு வீடு வந்தது. சுந்தராம்பாள் தொட்டில் சேலை அனுப்பினாள். ‘நான் பொழைக்க வச்ச புள்ள’ என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டாள். யாராவது மாதத்தை எண்ண ஆரம்பித்தால், குறைமாசம்தான் என்று அவளே சத்தியம் செய்தாள்.

ஒருநாள் மாரியம்மாள் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெந்நீர் விளாவிக் கொடுத்த இளையபெருமாளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

“அன்னிக்கு அந்தம்மா காதுல இன்னா ஓதின அத்தே? ரெண்டு மாசமா கேக்கறேன், சிரிச்சே மழுப்பற.”

அவள் குழந்தையின் விரலை நீவிப் பார்த்தாள். “ஏழு மாசத்துல பொறந்தா நெகம் வெரல் நுனி வரைக்கும் வந்திருக்காதுடா. இவளுக்கு இப்பத்தான் எட்டிப் பாக்குது.”

“சரி, அதுக்கும் அந்தம்மாவுக்கும் இன்னா?”

“என் கையில பொறந்த அவங்க மூத்த புள்ள, அன்னிக்கே நெகத்தால மூஞ்சியக் கீறிக்கினான்.”